சோற்றுப் பானையும் சோதனைச் சாவடியும்

தனிமனித உரிமை என்பது அரசியல் நூல்களில் பெரிய சொற்களால் பேசப்படும் பொருள். பேச்சுரிமை, எழுத்துரிமை, வழிபாட்டுரிமை என்று அதனைக் கூறுபடுத்திப் படிக்கின்றோம், தேர்விலும் எழுதுகின்றோம். ஆயினும் நாள்தோறும் மூன்று வேளை நாம் பயன்படுத்தும் உரிமை ஒன்று அப்பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது. எதை உண்பது, எதை உண்ணாது விடுப்பது என்று முடிவு செய்யும் உரிமையே அது. அவ்வுரிமையில் அரசு எம்மட்டும் தலையிடலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை ஆராய நான் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. என் ஊர் பாறசாலைக்கு அருகே, நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். வீட்டில் தமிழ் பேசுவோம். கடைத்தெருவில் மலையாளம் பேசுவோம். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. என் பாட்டி பிறந்த வீடு விளவங்கோட்டில். வாழ்க்கைப்பட்ட வீடு பாறசாலைப் பக்கத்தில். அரசியல் வரைபடத்தில் விழுந்த கோடு எங்கள் வீட்டு அடுக்களை வழியாகவும் சென்றது என்று சொன்னால் மிகையாகாது.

முதலில் அரிசியை எடுத்துக்கொள்வோம். பழைய திருவிதாங்கூருக்கு நெற்களஞ்சியமாய் இருந்தது நாஞ்சில் நாடு. அது போதாத குறைக்குப் பர்மா அரிசி வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்தபோது அவ்வழி அடைபட்டது. அந்நாளில் ஏழை மக்களின் உயிரைப் பிடித்து வைத்தது மரச்சீனிக் கிழங்கே. அதனைப் பயிரிட ஊக்கமளித்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா என்பது நினைவுகூரத் தக்கது. 1956இல் நாஞ்சில் நாடு சென்னையோடு சேர்ந்தது. களஞ்சியம் ஒரு பக்கமும் அதை நம்பியிருந்த வயிறு மறு பக்கமுமாயின. 1957இல் அமைந்த தென் மண்டலத்தில் சென்னை, ஆந்திரம், மைசூர், கேரளம் ஆகிய நான்கும் ஒன்றாய் இருந்தமையால் அரிசி தடையின்றிச் சென்றது. 1964இல் அம்மண்டலம் கலைக்கப்பட்டது. கேரளம் கடுமையான பஞ்சத்தைக் கண்டது, பங்கீடு வந்தது, எல்லையில் அரிசிக்குக் காவல் வந்தது.

1965ஆம் ஆண்டளவில், மணமாகி வந்த புதிதில், என் பாட்டி பிறந்த வீட்டிலிருந்து சில படி அரிசியைத் துணியில் முடிந்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். வழியில் ஒரு சாவடியில் பிடிபட்டார். முடிச்சு அவிழ்க்கப்பட்டது. "களவாண்ட அரிசி இல்ல மக்களே, எங்கம்மா அளந்து தந்த அரிசி. அதுக்கு என்னக் கள்ளி மாதிரி வெயில்ல நிக்க வச்சானுவ" என்று இன்றும் சொல்வார். சொல்லும்போது அவர் குரலில் பசியைவிட நாணமே மிகுதியாய் ஒலிக்கும்.

அச்சட்டம் அநீதியானதா? உடனே ஆம் என்று சொல்ல என் மனம் விரும்பினாலும் அறிவு தடுக்கின்றது. பஞ்சக் காலத்தில் வணிகர் அரிசியை விலை ஏறும் இடத்துக்கெல்லாம் கொண்டுபோனால், விளைந்த ஊரின் ஏழை பட்டினி கிடப்பான். நம் அரசியலமைப்பின் 301ஆம் பிரிவு நாடெங்கும் வாணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது. மாநிலங்களுக்கிடையே வேற்றுமை பாராட்டும் சட்டத்தை நாடாளுமன்றம் செய்யலாகாது என்பது 303ஆம் பிரிவு. ஆனால் பண்டப் பற்றாக்குறையைச் சமாளிக்க அதற்கும் ஒரு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. எனவே பங்கீட்டின் நோக்கம் தவறன்று. லாரிக்கும் இடுப்பு முடிச்சுக்கும் வேற்றுமை காணாதது தவறு.

இரண்டாவது மீன். 2018 ஜூன் மாதத்தில் அமரவிளைச் சாவடியில், பார்மலின் கலந்த மீன் பிடிபட்டது. பிணம் கெடாதிருக்கப் பூசும் மருந்து அது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதனைக் கண்டறிய எளிய சோதனைத் தாள் ஒன்றை உருவாக்கியிருந்தது. இங்கே அரசின் கை நம் உரிமையைப் பறித்ததா? இல்லை. பார்மலினை விரும்பி உண்பவர் எவருமில்லை. அயலையை வாங்குகிறவள் அயலையைத்தான் கேட்டாள், நஞ்சைக் கேட்கவில்லை. அவள் கண்ணுக்குத் தெரியாததைக் கண்டு சொல்லும் அரசு அவளது தேர்வைக் காக்கின்றது.

மூன்றாவது கள். பனையேறி பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறான். கலயத்தினுள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது அக்கானி. தடவாவிட்டால் அதுவே புளித்துக் கள்ளாகின்றது. கேரளத்தில் உரிமம் பெற்ற கடையில் கள் விற்கலாம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இஞ்சிவிளையில் நிற்கும் பனையின் சாறு சட்டத்துக்கு உட்பட்டது. சிறிது தொலைவில் களியக்காவிளையில் நிற்கும் பனையின் அதே சாறு குற்றம். மதுவிலக்கு 47ஆம் பிரிவு காட்டும் நெறிதான். குடியால் அழிந்த குடும்பங்களை எங்கள் ஊரிலும் கண்டிருக்கிறேன். ஆயினும் 2003 முதல் சீமைச் சாராய வகைகளைத் தன் கடைகளிலேயே சில்லறையாக விற்கும் அரசு, பனையேறியின் கலயத்தை மட்டும் உடைக்கும்போது, அது குடிப்பவனின் உடல்நலம் கருதிய செயலென்று நம்புவது கடினம்.

நான்காவது மாட்டிறைச்சி. தமிழ்நாட்டில் 1976ஆம் ஆண்டு அரசாணையால் பசுவையும் கிடாரியையும் கொல்வது தடைசெய்யப்பட்டது. கேரளத்தில் அத்தகைய முழுத்தடை இல்லை. தமிழ்நாட்டுச் சந்தைகளிலிருந்து மாடுகள் கேரளத்துக்குச் செல்வது நெடுநாளைய வழக்கம். 2017 மே மாதத்தில், கால்நடைச் சந்தைகளில் மாடுகளையும் எருமைகளையும் இறைச்சிக்காக விற்கலாகாது என்று மத்திய அரசு விதி வகுத்தது. மே 30ஆம் நாள் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது.

அப்போது பலர் ஒரு வாதத்தை எடுத்துரைத்தனர். "உண்ணக்கூடாது என்று விதி சொல்லவில்லையே, சந்தையில் விற்கக்கூடாது என்றுதானே சொல்கின்றது?" என்றனர். எல்லைப்புறத்தில் வளர்ந்தவனுக்கு இவ்வாதம் புதிதன்று. என் பாட்டியிடமும் சோறு உண்ணாதே என்று எவரும் சொல்லவில்லை. அரிசியைக் கொண்டுபோகாதே என்றுதான் சொன்னார்கள். வாயை மூடாமல் வழியை மூடினாலும் பானை காலிதான்.

இனி இந்நான்கையும் அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். ஜான் ஸ்டுவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், பிறருக்குக் கேடு நேராதபடி தடுக்கவே ஒருவன் விருப்பத்திற்கு மாறாக அவன்மீது அதிகாரம் செலுத்தலாம் என்றார். பன்றி இறைச்சியை வெறுப்பவர் பெரும்பான்மையாய் வாழும் நாட்டில் அதனை எவரும் உண்ணலாகாது என்று தடுக்கலாமா என்ற வினாவையும் அவரே எழுப்பினார். வெறுப்பு உண்மையானதாயினும், பிறன் உணவில் தலையிட அது உரிமை தராது என்பது அவர் முடிவு.

இந்நெறியைப் பின்பற்றி நான் மூன்று வினாக்களை வைத்துக்கொள்கிறேன். தடுக்கப்படும் கேடு யாருக்கு? அதைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லையா? தடையின் சுமை யார் தலையில் விழுகின்றது? மீன் சோதனை மூன்றிலும் தேறும். அரிசிக் காவல் முதல் வினாவில் தேறும். மற்ற இரண்டில் தவறும். கள் தடை மூன்றாம் வினாவில் பனையேறியின் குடிசை முன் தலைகுனியும். மாட்டு விதிக்கு முதல் வினாவே இடர். உயிர்களிடத்து இரக்கம் உயர்ந்த பண்பு. 48ஆம் பிரிவும் பசுவைக் காக்கச் சொல்கின்றது. 2005இல் குஜராத்தின் தடையை உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டதையும் மறைக்கலாகாது. ஆயினும் லாரியில் மாடுகளை நெருக்கி அடைக்கும் கொடுமையைத் தடுக்க லாரியை ஒழுங்குபடுத்தலாம். அதற்கு ஏழை உழவன் தன் கிழ மாட்டை விற்கும் சந்தையை மூட வேண்டியதில்லை.

நீதிமன்றங்களும் மெல்ல இத்திசையில் நடந்துள்ளன. சமணர் நோன்பு நாள்களில் அகமதாபாத்தின் இறைச்சிக் கூடங்களை மூடியதைச் செல்லுமென்று 2008இல் ஏற்ற உச்சநீதிமன்றமே, ஒருவன் உண்பது அவனது சொந்த விவகாரம் என்றும் கூறியது. வேற்று மாநிலத்தில் முறைப்படி அறுத்த மாட்டின் இறைச்சியை வைத்திருப்பதே குற்றம் என்ற மராட்டியச் சட்டப் பகுதியை 2016இல் மும்பை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று நிலைநாட்டினர்.

நண்பர்களே, எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி வேகுவதில்லை. அடுத்த வீட்டில் ஞாயிறுதோறும் வேகும். அவ்வீட்டுப் பிள்ளை என் பள்ளித்தோழன். அவன் பானையைக் காக்க நான் ஏன் எழுதவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். என் பாட்டியின் அரிசி முடிச்சு அவிழ்க்கப்பட்டபோது, வழியில் நின்றவர்களில் அரிசிக்குக் குறைவில்லாதவர்களும் இருந்தனராம். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. பாட்டி அதை மட்டும் இன்னும் மறக்கவில்லை.

நாம் விரும்பும் உணவுக்கு மட்டும் உரிமை கேட்பது பசி. நாம் விரும்பாத உணவுக்கும் அதனைக் கேட்பதே நீதி. அடுத்த முறை உணவு பற்றிய ஒரு சட்டம் வரும்போது, அது நமக்குப் பிடித்ததா என்று பாராமல், மேற்கூறிய மூன்று வினாக்களையும் அதனிடம் கேட்டுப் பாருங்கள்.