கேள்விக்கு மார்க் போட உட்காரும் பிள்ளைகளுக்கு

தேர்தல் நெருங்கினால், நம் பழைய மாமல்லபுரம் சாலை ஓரத்துக் குடியிருப்புகளில் வேட்பாளர்களை ஒரே மேடைக்கு அழைத்துப் பேசவைக்கும் ஆசை சிலருக்கு வந்துவிடும். சிறுசேரிப் பிள்ளைகள் சிலர் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். வேட்பாளர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்கட்டும், எந்தக் கேள்வி எடுபட்டது என்று நாங்கள் மார்க் போடுகிறோம் என்கிறார்கள். நல்ல காரியம். பத்திரிகையாளர் வரிசையில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் என்பதால், எதை வைத்து அளப்பது என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததை எண் போட்டுச் சொல்கிறேன்.

1. கைத்தட்டலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தட்டுகிறவர்களில் பலர் வேட்பாளரோடு வேனில் வந்தவர்கள். அவர்கள் தட்டுவது ஆளுக்கு, கேள்விக்கு இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது பதில் சொல்ல வேண்டியவரின் வாயை. கேள்வி வருவதற்கு முன் அவர் இந்தப் பக்கத்தாருக்கு ஒரு பேச்சு, அந்தப் பக்கத்தாருக்கு ஒரு பேச்சு என்று இரண்டையும் வைத்துக்கொண்டு ஓட்ட முடிந்ததா? கேள்வி வந்த பிறகு அதில் ஒன்றை விட்டுவிட வேண்டியதாயிற்றா? ஆயிற்று என்றால் கேள்வி வேலை செய்திருக்கிறது. மற்ற அளவுகோல் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

2. இதைப் புரிந்துகொள்ள 1858ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் செனட் பதவிக்காக ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் ஏழு ஊர்களில் நேருக்கு நேர் வாதாடினார்கள். இரண்டாவது ஊர் ஃப்ரீபோர்ட், தேதி ஆகஸ்ட் 27. புதிதாகக் குடியேறும் பிரதேசங்களில் அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்று அந்தந்த மக்களே முடிவு செய்யட்டும் என்பது டக்ளஸின் கொள்கை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, ட்ரெட் ஸ்காட் வழக்கில், பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டக்ளஸ் அந்தத் தீர்ப்பையும் ஏற்றுக்கொண்டிருந்தார். லிங்கன் கேட்டது இதுதான்: ஒரு பிரதேசம் மாநிலமாக ஆவதற்கு முன், அங்குள்ள மக்கள் அடிமை முறையைச் சட்டப்படி விலக்கிவைக்க முடியுமா?

முடியாது என்றால் இல்லினாய்க்காரர்களிடம் கெட்ட பெயர். முடியும் என்றால் தென் மாநிலங்களிடம் கெட்ட பெயர். டக்ளஸ் 'முடியும்' என்றார். உள்ளூர்ச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லாமல் அடிமை முறை எங்கும் நிலைக்காது என்று காரணமும் சொன்னார். வேறு கூட்டங்களில் அவர் ஏற்கெனவே சொல்லியிருந்த பதில்தான். ஆனாலும் எதிராளி நேருக்கு நேர் கேட்டு வாங்கிய பதில், அச்சேறி ஊர் ஊராகப் போனது. அப்போதெல்லாம் செனட்டரைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம். அது டக்ளஸைத்தான் தேர்ந்தெடுத்தது. அன்று நீங்கள் மார்க் போட்டிருந்தால் லிங்கனுக்கு என்ன போட்டிருப்பீர்கள்? இரண்டே ஆண்டில், 1860இல், ஜனநாயகக் கட்சி வடக்கு, தெற்கு என்று உடைந்தது. தெற்கத்தியர்கள் டக்ளஸை ஏற்காமல் தனி வேட்பாளரை நிறுத்தினார்கள். லிங்கன் குடியரசுத் தலைவரானார். எல்லாம் ஃப்ரீபோர்ட் கேள்வியால்தான் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கான்சாஸ் பிரதேசத்தில் அடிமை முறை குறித்த விவகாரத்திலேயே டக்ளஸுக்கும் தெற்குக்கும் முறைத்துக்கொண்டுவிட்டது. அந்த விரிசலை எல்லார் கண்ணுக்கும் தெரியவைத்தது கேள்வி. அவ்வளவு பெருமை அதற்குப் போதும்.

3. கேட்கப்பட்டவர் தப்பிக்க எத்தனை வாசல் திறந்திருந்தது என்று எண்ணுங்கள். நம் மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. பரனூர்ச் சுங்கச்சாவடியை ஏன் எடுக்கவில்லை என்று மாநில ஆளுங்கட்சி வேட்பாளரிடம் கேட்டுப்பாருங்கள். அது தேசிய நெடுஞ்சாலை, ஒன்றிய அரசைக் கேளுங்கள் என்று ஒரே வரியில் போய்விடுவார், போவது நியாயமும்கூட. நாவலூர்ச் சாவடி அப்படியில்லை. அது மாநில அரசின் சாலை நிறுவனத்துடையது, 2023 அக்டோபரில் வசூல் நின்றது. இந்த வித்தியாசம் தெரியாமல் கேட்ட கேள்விக்கு அரங்கமே அதிர்ந்தாலும் பூஜ்யம்தான்.

மெட்ரோவும் இதே கதை. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் மூன்றாம் வழித்தடத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். இரண்டாம் கட்டம் முழுமைக்குமான 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபரில். நடுவில் இருந்த காலம் முழுக்க யார் பணம் என்ற இழுபறி. ஆகவே 'மெட்ரோ ஏன் தாமதம்?' என்று கேட்டால் மேடையில் இருக்கும் எல்லாருக்கும் கைகாட்ட எதிர்ப்பக்கம் ஒருவர் இருப்பார். அதையே, 'ரயில் ஓடும்வரை நாவலூரிலிருந்து சிப்காட் உள்ளே போக இணைப்புப் பேருந்து வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கேட்டதுண்டா? எந்தத் தேதியில்?' என்று கேட்டால், உண்டு அல்லது இல்லை. மூன்றாவது வாசல் கிடையாது.

4. நம் அரசியலில் எடுபட்ட கேள்வி எது என்று என்னைக் கேட்டால், 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டதைத்தான் சொல்வேன். கேட்ட ஊர் திருக்கழுக்குன்றம். கேளம்பாக்கம், திருப்போரூர் தாண்டிப் போனால் வந்துவிடும். அவர் அப்போது தி.மு.க.வின் பொருளாளர், பக்கத்திலேயே இருக்கும் பரங்கிமலைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். கட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் தங்கள் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்றார். எதிரில் நின்று வாதாட யாருமில்லைதான். ஆனாலும் கேள்வியின் கட்டமைப்பைப் பாருங்கள். கணக்குக் காட்டினால் ஏதாவது அகப்படும். காட்ட மறுத்தால் மறைக்கிறார்கள் என்ற பேச்சு. கேட்டவரை வெளியே அனுப்பினால், கணக்குக் கேட்டதற்கா வெளியே அனுப்பினார்கள் என்ற பேச்சு. மூன்றாவது வழியில்தான் கட்சி போனது. அதே மாதம் 17ஆம் தேதி அ.தி.மு.க. பிறந்தது. அடுத்த மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அதன் வேட்பாளர் மாயத்தேவர் ஜெயித்தார். 1977இல் ஆட்சியே வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அதே கேள்வியை முகம் தெரியாத ஒரு கட்சிக்காரர் கேட்டிருந்தால் மறுநாள் பேப்பரில் ஒரு பெட்டிச் செய்தியாக முடிந்திருக்கும். எம்.ஜி.ஆர். முகமும் ரசிகர் மன்றங்களும் சேர்ந்துதான் அந்தக் கேள்வி நின்றது. எனவே கூட்டம் முடிந்ததும் கேள்விகளைத் தாளில் எழுதி, கேட்டவர் பெயரை மறைத்துவிட்டு, அங்கே வராத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அப்போதும் உறைக்கிறதா என்று பாருங்கள். கேட்டவருக்கு ஒரு மார்க், கேள்விக்கு ஒரு மார்க்; இரண்டையும் கலக்க வேண்டாம்.

5. எதிராளியை விட்டுவிட்டுக் கூட்டத்தைக் கேட்கும் கேள்வி வேறு சாதி. அதற்குத் தனிப் பத்தி போடுங்கள். 1980 அக்டோபர் 28 அன்று கிளீவ்லாண்டில் நடந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் விவாதத்தில் ரொனால்ட் ரீகன் தன் முடிவுரையில், நான்கு ஆண்டுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று வாக்காளர்களைக் கேட்டார். விலைவாசி ஏறிக்கிடந்தது, டெஹ்ரானில் அமெரிக்கப் பணயக் கைதிகள் அடைபட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் பையைத் தடவிப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டிய பதில் அது. கடைசிப் பேச்சு ரீகனுடையது என்பதால் பதவியில் இருந்த ஜிம்மி கார்ட்டரால் மறுமொழி சொல்லவும் முடியவில்லை. ஒரு வாரத்தில் நடந்த வாக்குப்பதிவில் 50 மாநிலங்களில் 44 ரீகனுக்கு.

2014 மக்களவைத் தேர்தலில் ஜெயலலிதா மேடைக்கு மேடை கேட்ட 'செய்வீர்களா?' இதற்கு நேர் எதிர். பதில் முன்கூட்டியே முடிவானது. கூட்டம் ஒரே குரலில் 'செய்வோம்' என்று கத்த வேண்டியதுதான் பாக்கி. அது யாரையும் யோசிக்கவைக்க வந்த கேள்வி இல்லை, வந்தவர்களை உறுதிப்படுத்த வந்தது. தமிழகத்தின் 39இல் 37 தொகுதி அவர் கட்சிக்குக் கிடைத்தது. அதை வைத்து, ரீகன் கேள்வியும் இதுவும் ஒன்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யோசிக்கவைத்ததற்கு ஒரு கணக்கு, உசுப்பியதற்கு வேறு கணக்கு.

6. அரை நிமிடத்துக்கு மேல் நீண்டால் அது பிரசாரம். முடிவில் 'என்ன சொல்கிறீர்கள்?' என்று ஒட்டவைத்ததால் கேள்வியாகிவிடாது. கையில் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

7. சுவையில்லாத கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். 1957 செப்டம்பரில் மக்களவையில் ஒரு கேள்வி வந்தது: ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை வாங்கியதா? யாரும் மேசையைத் தட்டியிருக்க மாட்டார்கள். நிதித் துறையிலிருந்து வந்ததோ மழுப்பலான பதில். அந்த மழுப்பலைப் பிடித்துக்கொண்டுதான் டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி ஆவணங்களோடு எழுந்தார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகனும்கூட. கழகம் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு ஆறு நிறுவனங்களின் பங்குகளை வாங்கியிருந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளாவைக் கொண்டு வெளிப்படையான விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

முதல் கேள்வி பதிலைப் பதிவு செய்தது, பின்னால் வந்தது அந்தப் பதிலைப் பிடித்தது. அதனால் உங்கள் கூட்டத்தில் துணைக் கேள்விக்கு அனுமதி இல்லை என்று விதி வைத்தால், மார்க் போடும் வேலையையே விட்டுவிடலாம். இன்னொன்று: அதே டி.டி.கே. 1962இல் திருச்செந்தூரிலிருந்து போட்டியின்றி மக்களவைக்குப் போனார், அடுத்த ஆண்டு மறுபடி நிதியமைச்சர். கேள்வி நாற்காலியைப் பறித்தது. தேர்தலில் ஒரு கீறல் போடவில்லை. எடுபட்டது என்று எழுதும்போது எங்கே எடுபட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

8. இங்கிலீஷில் கேட்டதால் கூர்மையான கேள்வி என்று ஒரு மயக்கம் நம் பக்கத்து அடுக்குமாடிகளில் உண்டு. தண்ணீர் லாரி ஏன் இத்தனை வருகிறது என்று பஞ்சாயத்துக் குழாயடியில் நிற்கும் அம்மா கேட்பதில் இருக்கும் குறி, பல நேரம் மைக் பிடித்தவரிடம் இருக்காது.

9. வராதவரைக் கேட்ட கேள்விக்குப் பாதி மார்க். 2024 மே மாதம் முன்னாள் நீதிபதிகள் மதன் லோகுர், ஏ.பி.ஷா, நம் சென்னைப் பத்திரிகையாளர் என்.ராம் மூவரும் பிரதமரையும் ராகுல் காந்தியையும் பொது விவாதத்துக்கு அழைத்தார்கள். ராகுல் வருகிறேன் என்றார். பிரதமர் வரவில்லை, விவாதமும் நடக்கவில்லை. காலி நாற்காலியைக் கேட்டால் கைத்தட்டல் கிடைக்கும், பதில் கிடைக்காது. வராமல் இருந்தவரின் மார்க்கையும் அதற்காகக் குறைக்கலாம், தப்பில்லை.

10. தேர்தல் முடிவை உங்கள் விடைத்தாளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021இல் திருப்போரூர்த் தொகுதியில் வித்தியாசம் 2,000 வாக்குகூட இல்லை. அவ்வளவு நெருக்கத்தில், நான் கேட்ட கேள்விதான் திருப்பியது என்று யார் வேண்டுமானாலும் மார்தட்டலாம், யாராலும் மறுக்க முடியாது. அன்றிரவு ஒரு மார்க் போட்டு உறையில் ஒட்டிவையுங்கள். ஆறு மாதம் கழித்து, பதில் சொன்னவர் அந்தப் பதிலில் நிற்கிறாரா என்று பார்த்து இன்னொன்று போடுங்கள். எனக்கு இரண்டாவது மார்க்தான் முக்கியம்.

11. பழகாமல் நடுவராக உட்காராதீர்கள். பழக நல்ல இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் நம் பக்கத்து ஊராட்சிகளில் கூடுகிறது. அங்கே கேள்வி கேட்பவர்களுக்கு மேடையும் இல்லை, வேனில் வந்த கூட்டமும் இல்லை. எந்தக் கேள்விக்குத் தலைவர் தீர்மானப் புத்தகத்தைத் திறக்கிறார், எதற்குச் சிரித்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு நோட்டும் பேனாவுமாக வந்து சேருங்கள்.