கடைக்கால் போடும் முன் கேளுங்கள்

சித்தூரிலிருந்து பெங்களூர் போகும் சாலையில் இருக்கிறது பங்காருபாளையம். மாம்பழத்துக்குப் பேர் போன ஊர். சுற்றிலும் மாந்தோப்புகள். இடையிடையே ஏரிகள். தெலுங்கில் செருவு என்பார்கள்.

பெரிய சாலையோரம் இருக்கும் ஊர்களில் நிலத்தின் விலை ஏறுகிறது. தோப்பு மனையாகிறது. வரப்பு இருந்த இடத்தில் எல்லைக் கல் முளைக்கிறது. மக்களுக்கு வீடு வேண்டும்தான். ஆனால் ஒரு கேள்வி. அந்த மனைகளில் விழும் மழை எங்கே போகும்?

மழைக் கணக்கு

ஒரு ஏக்கர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அது எவ்வளவு தண்ணீர்? சுமார் 2 லட்சம் லிட்டர். 10,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரி என்றால் 20 லாரித் தண்ணீர்.

அந்த நிலம் தோப்பாக இருந்தால் மண் ஒரு பங்கைக் குடிக்கும். வரப்பு கொஞ்சம் தடுக்கும். மீதி மெல்ல ஓடைக்குப் போகும். ஓடை ஏரியை நிரப்பும்.

அதே நிலத்தில் மாடி வீடுகளும் சிமெண்டு ரோடுகளும் வந்தால்? தண்ணீர் மண்ணில் இறங்க வழியில்லை. பெரும்பங்கு வேகமாக ஓடும். மேட்டில் புது நகர். பள்ளத்தில் பழைய தெரு. மேட்டுத் தண்ணீர் பள்ளத்து வீட்டுக்குள் நுழையும். சாக்கடையும் கலந்து வரும். கோடையிலோ கிணறு வற்றும்.

திருப்பதியில் நடந்தது

இது கற்பனை அல்ல. திருப்பதிக்குப் பக்கத்தில் அவிலாலா ஏரி, பேரூர் ஏரி என்று இரண்டு ஏரிகள் இருந்தன. அப்போது திருப்பதி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022இல்தான் தனி மாவட்டம் ஆனது.

1991இலும் 1994இலும் அரசு ஆணைகள் வந்தன. அந்த ஏரி நிலங்கள் வீட்டு வசதி வாரியத்துக்கும் நகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் போயின. அங்கே வீடு கட்டத் திட்டம் போட்டார்கள். “ஏரியில் தண்ணீரே இல்லையே, சும்மா கிடக்கிறதே” என்பது அவர்கள் வாதம்.

ஊர்க்காரர்கள் சிலர் மன்றம் வைத்திருந்தார்கள். அவர்கள் எதிர்த்தார்கள். “ஏரி வறண்டதற்கு வரத்துக் கால்வாய் அடைபட்டதும் காரணம். கால்வாயைத் தூர் வாருங்கள். ஏரியை அழிக்காதீர்கள்” என்றார்கள். உயர் நீதிமன்றம் அவர்கள் வழக்கைத் தள்ளியது. அவர்கள் விடவில்லை. உச்ச நீதிமன்றம் போனார்கள்.

2006 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஏரி, ஆறு, காடு எல்லாம் மக்கள் சொத்து என்றது நீதிமன்றம். அரசு அவற்றுக்குத் தர்மகர்த்தா போன்றது. காப்பது அதன் கடமை. இனிமேல் அங்கே கட்டக் கூடாது என்று தடை போட்டது. பேரூர் ஏரிக்கு வரும் கால்வாயைச் சீர் செய்யச் சொன்னது. கட்டிய வீடுகளில் மழைநீர் சேகரிக்க வேண்டும் என்றது. அங்கே ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது என்றும் சொன்னது.

ஆனால் கட்டிய வீடுகள் அப்படியே நின்றன. வழக்கு முடிய ஆண்டுகள் பல ஆகிவிட்டன. குடியிருக்கும் வீட்டை இடிப்பது எளிதா? ஏரி முழுசாகத் திரும்பி வரவில்லை.

2021 நவம்பரில் திருப்பதியில் பெருமழை பெய்தது. மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் தெருக்களில் ஆறாக ஓடியது. வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

என்ன செய்யலாம்?

வீடு கட்டிய பிறகு அழுவதை விட, கடைக்கால் போடும் முன் கேட்பது நல்லது.

1. ஊரில் புது மனைப் பிரிவு வருகிறதா? அனுமதி உண்டா என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

2. ஊர்ப் பெரியவர்களுடன் நடந்து போய்ப் பாருங்கள். ஓடை எது, வரத்துக் கால்வாய் எது என்று அவர்களுக்குத் தெரியும். அவை வரைபடத்தில் இருக்கின்றனவா?

3. மழைநீருக்குத் தனி வாய்க்கால் உண்டா? அது எங்கே போய் முடிகிறது? அடுத்தவர் வாசலில் முடியக் கூடாது.

4. கிராம சபையில் பேசுங்கள். பேசியதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

5. தாசில்தாருக்கோ கலெக்டருக்கோ மனு கொடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையா? 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கையெழுத்துப் போடக் கற்றது எதற்காக? இப்படிப்பட்ட மனுவில் போடுவதற்கும்தான்.

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

அந்த வழியில் இப்போது என்ன இருக்கிறது?

எழுதிப் பழகுங்கள்

உங்கள் தெருவில் மழைநீர் தேங்குகிறது. பஞ்சாயத்துத் தலைவருக்கு ஐந்து வரியில் ஒரு மனு எழுதுங்கள்.