கணக்கேட்டின் தலையில் 786

தெலுக் இந்தானிலாயினும் தமிழகத்திலாயினும் நம்மவருள் பலர் பேரேட்டின் தலையில் முதலில் எழுதுவது 786. இதன் வரலாறு யாது?

அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. இதற்கு அப்ஜத் கணக்கு என்று பெயர். பிஸ்மி 102, அல்லாஹ் 66, அர்ரஹ்மான் 329, அர்ரஹீம் 289. ஆக மொத்தம் 786. இறைவனின் திருநாமம் தாங்கிய காகிதம் காலடியில் விழலாகாதென்றே முன்னோர் எண்ணால் குறித்தனர் என்பர்.

ஆயினும் இவ்வழக்கம் திருமறையிலோ நபிமொழியிலோ வந்ததன்று. ஆகவே ஏட்டைத் திறக்கையில் பிஸ்மியை நாவால் மொழிவதே முறை. திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) கடனைத் தவணையோடு எழுதிக்கொள்ளவும், எழுதுபவர் நீதியுடன் எழுதவும் பணிக்கிறது. சகோதரர்களே, 786 எழுதிய ஏட்டில் வாடிக்கைக்காரரின் கணக்கு ஒரு சென் கூடப் பிசகலாகாது.