அம்மாவின் பயத்துக்கு ஒரு பூர்வகதை

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை வேறு. ஃப்ளூ ஊசி போடலாம் என்றால், "போட்டாத்தான் காய்ச்சலே வரும், கை கால் விளங்காமப் போயிடும்" என்று அடம்பிடிக்கிறார். உண்மையா?

பதில்: முதல் பாதி உண்மையில்லை. ஊசி மருந்தில் உயிருள்ள வைரஸ் கிடையாது. அது ஃப்ளூவைத் தராது. போட்ட கை ஓரிரு நாள் வலிக்கும், சிலருக்கு உடம்பு லேசாகச் சுடும்.

இரண்டாம் பாதிக்கு ஒரு கதை உண்டு. 1976-இல் அமெரிக்காவில், பன்றிக் காய்ச்சல் பரவப்போகிறது என்று பதறி, சுமார் 4.5 கோடிப் பேருக்கு ஊசி போட்டார்கள். அதிபர் ஃபோர்டே கேமரா முன் போட்டுக்கொண்டார். கொள்ளைநோய் வரவேயில்லை. ஆனால் ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு ஒருவர் கணக்கில் கில்லன்-பாரே என்ற நரம்பு வாதம் கூடுதலாக வந்தது. டிசம்பரில் திட்டத்தையே நிறுத்தினார்கள். வராத நோய்க்குப் போட்ட ஊசியால் வந்த வாதம்! பயம் லேசில் போகுமா?

இன்றைய ஊசிகளில் அந்த ஆபத்து, இருந்தாலும், பத்து லட்சத்துக்கு ஒன்றிரண்டுதான். ஃப்ளூ காய்ச்சலாலேயே அதே வாதம் இதைவிட அதிகம் வருகிறது. இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

முன்பு அந்த வாதமோ, ஊசியால் கடும் அலர்ஜியோ வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். இல்லையென்றால் மழைக்காலத்துக்கு முன்பே கூட்டிப்போங்கள். முதல் ஊசி உங்களுக்கு, அம்மா பார்க்கட்டும்.