பதிந்த இசையும் கேட்கும் இசையும்

திருப்பதியில் வாழும் மாணவர்களுள் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் சுப்ரபாதத்தைக் கேளாதவர் இலர். 1963இல் இசைத்தட்டாக வெளிவந்த அப்பதிவு, கோயில் தெருவின் கூம்பு ஒலிபெருக்கியில் ஒரு விதமாகவும், தேநீர்க் கடையில் வேறு விதமாகவும், நம் செல்பேசியில் மற்றொரு விதமாகவும் ஒலிக்கிறது. பதிவு ஒன்றே, அது நம் செவிக்கு வந்து சேரும் வழிகள் பல. இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால், இசை பதியும் மாணவர்க்கு அடிக்கடி நேரும் ஓர் இடர்ப்பாட்டின் காரணம் விளங்கும்.

அவ்விடர்ப்பாடு யாது? குரல், வயலின், மிருதங்கம், தம்புரா ஆகியவற்றைக் கணினியில் தனித்தனியே பதிந்து அளவறிந்து கலக்கிறோம். கலவை நிறைவாக இருக்கிறது. அதை ஒரே கோப்பாக வெளியெடுத்து, அஃதாவது எக்ஸ்போர்ட் செய்து, வெளியே கேட்டால் தம்புரா தேய்ந்துவிட்டது. மிருதங்கத்தின் தொப்பி மழுங்கிவிட்டது. குரல் காதைக் கீறுகிறது. உடனே பலரும் கலவையைத் திருத்தத் தொடங்குகின்றனர். இது நோய் இன்னதென்று அறியுமுன் மருந்து கொடுப்பதாகும். நல்ல கலவை கெடும், நோயோ நீங்காது. ஆதலின் காரணங்களை வரிசையாகச் சோதிக்கும் முறையைக் காண்போம்.

முதற் சோதனை, கோப்பையே சோதிப்பது. சுருக்கப்படாத வேவ் கோப்பாக வெளியெடுங்கள். அதை அதே மென்பொருளில் புதிய தடமொன்றில் ஏற்றி, அதே ஹெட்ஃபோனில், அதே ஒலியளவில், பழைய கலவையோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒலியளவு ஒத்திருத்தல் மிக முக்கியம். ஒரு டெசிபல் கூடினாலும் நம் செவி அதை உரப்பு என்று கொள்ளாமல் தெளிவு என்று கொண்டுவிடும். செவியை நம்ப மனமில்லையேல் வேறு வழியும் உண்டு. இரண்டையும் நொடி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒன்றன் அலையைத் தலைகீழாக்குங்கள். இரண்டும் ஒன்றாயின் ஒன்றையொன்று அழித்து முழு அமைதி நிலவும். எஞ்சி ஒலிப்பது எதுவோ, அதுவே வேறுபாடு. எதிரொலிக் கருவிகள் சில ஒவ்வொரு முறையும் சற்றே மாறி இயங்குவதால், அவற்றின் மெல்லிய எச்சம் கேட்பின் அஞ்சற்க.

அமைதி நிலவினால் கோப்பின்மேல் குற்றம் இல்லை. நிலவாவிடில் பின்வருவனவற்றைப் பாருங்கள். ஏதேனும் ஒரு தடத்தில் 'சோலோ' அல்லது 'மியூட்' பொத்தான் அழுந்தியிருக்கலாம். ஹெட்ஃபோனின் குறையை ஈடுசெய்யும் வடிகட்டி கோப்பிலும் சேர்ந்துவிட்டிருக்கலாம். முடிவெல்லையைக் குறுகலாக வைத்ததால் தம்புராவின் கடைசிக் கார்வை வெட்டுண்டிருக்கலாம்.

இரண்டாம் சோதனை, மாதிரி வீதம். குறுந்தகடு நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்டது. திரைப்படமும் காணொளியும் பெரும்பாலும் 48,000 கொண்டவை. 48,000இல் பதிந்ததை ஒரு கருவி 44,100 என்று தவறாகக் கொண்டு ஒலித்தால் யாவும் மெதுவாகும். ஒரு மணிநேரக் கச்சேரி 65 நிமிடங்களுக்கு மேல் ஓடும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். ஐந்து கட்டையில் பாடியவர் நாலுக்கும் நாலரைக்கும் இடையே பாடுவதாகத் தோன்றும். இது புதிய நோய் அன்று. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் மாணவரான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை காலத்து இசைத்தட்டுகளையும் உரிய வேகத்தில் சுழற்றாவிடில் சுருதி பிறழும். பழந்தட்டு ஒன்றைக் கேட்டு வித்துவானின் கட்டையைக் கணிப்போர் முதலில் தட்டின் வேகத்தை உறுதிசெய்தல் வேண்டும்.

மூன்றாம் சோதனை, சுருக்கம். குறுந்தகட்டுத் தரத்தில் இரு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு 14,11,200 பிட்டுகள் வேண்டும். 128 கிலோபிட் எம்பி3 கோப்பு ஏறத்தாழ அதில் பதினொன்றில் ஒரு பங்கு. எஞ்சியது எங்கே போயிற்று? ஓர் உரத்த ஒலி அருகிலுள்ள மெல்லொலியை மறைக்கும் என்பது செவியின் இயல்பு. அவ்வியல்பைக் கொண்டு, கேளாது என்று கணித்த பகுதிகளை எம்பி3 விட்டுவிடுகிறது. பெரும்பாலும் அது ஏமாற்றாது. ஆனால் தம்புராவின் உயிர் அதன் ஜீவாரியில் உள்ளது. ஜீவாரியோ மென்மையான மேற்சுரங்களின் திரள். ஆகவே குறைந்த வீதத்தில் முதலில் வாடுவது தம்புராவும் தாளத்தின் ஓசையுமே. மேலும், உச்சவரம்பைத் தொட்டு நிற்கும் கலவை சுருக்கப்படும்போது அலைமுடிகள் வரம்பைத் தாண்டிச் சிதையும். ஒரு டெசிபலேனும் இடம் விட்டு வெளியெடுத்தல் நன்று.

நான்காவது, இசைத்தளங்கள் செய்யும் சமன்பாடு. எல்லாப் பாடல்களும் ஒரே உரப்பில் கேட்கும்படி அவை ஒலியை ஏற்றி இறக்குகின்றன. உரப்புக்காகவே நெருக்கிப் பிழிந்த கலவை அங்கே தணிக்கப்படும். பிழிந்ததால் இழந்த மிருதங்கத்தின் துடிப்பு மட்டும் திரும்பாது.

ஐந்தாவது, கேட்கும் கருவியும் கேட்கும் செவியும். கூம்பு ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளைத் தராது. அதன் இயல்பு அது. பெரும்பாலும் அது இரு தடங்களையும் ஒன்றாகக் கூட்டியே ஒலிக்கும். ஒரு வாத்தியத்தை அகலப்படுத்த அலையைத் திருப்பி வைத்திருந்தால், கூட்டும்போது அவ்வாத்தியம் மறைந்தே போகும். 'மோனோ' பொத்தானை அழுத்தி ஒருமுறை கேட்டுவிட்டால் இது தெரிந்துவிடும். செவியிலும் ஒரு விந்தை உண்டு. ஒலி தணியத் தணியத் தாழ்சுரங்கள் நமக்கு மிகுதியாகக் குறைந்து கேட்கும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933இல் அளந்து காட்டினர். இரவில் உரக்க வைத்துக் கலந்தது காலையில் மெல்லக் கேட்கும்போது ஒல்லியாகத் தோன்றுவதற்கு இதுவும் காரணம்.

இவற்றால் பெறப்படும் விதி ஒன்றே: ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றுக. கோப்பையும் கருவியையும் ஒலியளவையும் ஒருங்கே மாற்றிவிட்டு, வேறுபாடு எதனால் வந்தது என்று வினவுவதில் பயனில்லை. முதல் மூன்று சோதனைகளிலும் கோப்பு தேறினால், கலவையை விட்டுவிடுங்கள்.

இத்துணைக் கவனம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அன்னமாசாரியாரின் ஆயிரக்கணக்கான சங்கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலில் இருந்தன. 1922இல் அவை வெளிப்பட்டன. பாட்டும் ராகப் பெயரும் நமக்குக் கிடைத்தன. ஆனால் பெரும்பாலானவற்றின் மெட்டு ஏட்டில் இல்லை. பிற்கால வித்துவான்களே புதிதாக இசை அமைத்தனர். செம்பு காக்க இயலாத ஒன்றை இன்று ஒரு மாணவனின் கணினி காக்க இயலும். நம் ஊரின் முதிய நாகசுர வித்துவான் ஒருவரை நாம் பதியும்போது, அவர் மறுமுறை வாசிக்க வாய்ப்பு இல்லாமலும் போகலாம்.

ஆதலின் நண்பர்களே, கலவையின் வேவ் கோப்பையும் தனித்தனித் தடங்களையும் சுருக்காமல் இரண்டு இடங்களில் வையுங்கள். பதிந்த நாள், சுருதி, மாதிரி வீதம் ஆகியவற்றை உடன் எழுதி வையுங்கள். நண்பர்க்கு அனுப்ப எம்பி3 போதும். வருங்காலத்துக்கு அது போதாது.