நானூறு ரூபாயும் ஒரு தேங்காயும்

கே: ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளன் ஆகலாமா சார்? வயது 34. இரண்டு நாவல் வந்திருக்கிறது.
– வாசகர், உடுமலைப்பேட்டை

ப: வேண்டாம் தம்பி. போன வருடம் என் நாவல் ஒன்று 47 பிரதி விற்றது. விலை 240 ரூபாய், ராயல்டி 10 சதவீதம். ஆக 1,128 ரூபாய். இதைக் கணக்குப் போட்டு அனுப்பிய பதிப்பாளர் நல்லவர். கணக்கே காட்டாதவர்களும் இருக்கிறார்கள். நூலக ஆணை வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். அது எந்த வருடம் வரும் என்று ஜோசியருக்கும் தெரியாது.

புதுமைப்பித்தன் பத்திரிகை வேலை பார்த்தார், சினிமாவுக்குப் போனார், 1948இல் 42 வயதில் காசநோயில் இறந்தார். மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று புத்தகமாக வந்திருக்கின்றன. ராஜினாமாக் கடிதம் எழுதும் முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள். அன்பும் பணக்கவலையும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. தன் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால், 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் இனி எழுதப்போவதில்லை என்று அறிவித்தார். மறு வருடம் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் திரும்பி வந்தார். அவர் அப்போது அரசுக் கல்லூரி ஆசிரியராக இருந்தார். அந்தச் சம்பளம் இல்லாமல் எழுத்தை மட்டுமே நம்பியிருந்தால் பேனாவை மூடி வைக்க முடிந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். எழுதுவதற்குச் சம்பளம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழுதாமல் இருப்பதற்கும் வேண்டியிருக்கிறது.

கே: நாத்திகம் பேசிய கண்ணதாசன் ‘அர்த்தமுள்ள இந்து மதம்’ எழுதியது பிழைப்புக்காகத்தானே?
– வாசகர், சிதம்பரம்

ப: பிழைப்புதான் நோக்கம் என்றால் அவருக்கு சினிமாப் பாட்டே போதும். சொந்தப் படம் எடுத்து விழுந்த கடனையே பாட்டு எழுதித்தான் அடைக்கப் பார்த்தார். 1961இல் அவர் தி.மு.க.வை விட்டு ஈ.வெ.கி. சம்பத்தோடு போனபோது, அந்தப் பக்கம் லாபம் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. ஆள் கணக்கில் கெட்டி இல்லை, அவ்வளவுதான். எம்.ஜி.ஆரை மேடையிலும் எழுத்திலும் போட்டுத் தாக்கினார், அதே எம்.ஜி.ஆர். முதல்வரானதும் 1978இல் அவரை அரசவைக் கவிஞர் ஆக்கினார். கடைசியில் ‘இயேசு காவியம்’ எழுதினார். மூன்று கரையிலும் குளித்தவர் என்று நீங்கள் கேலி செய்யலாம். ஆனால் ‘வனவாசம்’ படித்தீர்களா? தான் போன தப்பான இடங்களைத் தானே எழுதி வைத்திருக்கிறார். நம் ஊரில் கட்சி மாறியவர்களுக்குக் குறைவில்லை, மாறியதை இப்படி எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்?

கே: நீங்கள் எந்தக் கட்சி? மழுப்பாமல் சொல்லவும்.
– வாசகர், மன்னார்குடி

ப: 1996 உள்ளாட்சித் தேர்தலின்போது ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வார்டில் மோதிய இரண்டு வேட்பாளர்களின் துண்டறிக்கையையும் நானே எழுதினேன். ஒன்றில் ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’, இன்னொன்றில் ‘உங்கள் சகோதரன்’. அச்சக முதலாளி, “குடிதண்ணி மேட்டர் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கே, மாத்து” என்றார். மாற்றினேன். வாக்குச்சாவடிக்குப் போனால் இருவர் மீதும் பரிதாபம் வந்தது. யாருக்குப் போட்டேன் என்பது ரகசியம். அதற்குத்தானே அங்கே மறைப்பு வைத்திருக்கிறார்கள்!

கே: உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?
– வாசகி, பாளையங்கோட்டை

ப: இருபத்தைந்து வயதில் கறுப்புச் சட்டையோடு கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்போது ஒரு சின்ன அம்மன் கோயில் கும்பாபிஷேக மலருக்குத் தல வரலாறு எழுதித்தரக் கேட்டார்கள். வீட்டு வாடகை இரண்டு மாத பாக்கி. சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். அம்மன் ஏன் வடக்கு பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்கு அங்கே யாரிடமும் கதை இல்லை. நானே ஒன்று கட்டினேன்: ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி வடக்கே போன தம்பி திரும்புவான் என்று அந்தத் திசையையே பார்த்து உட்கார்ந்திருந்தாள், அப்படியே அம்மன் ஆனாள். தர்மகர்த்தா வெற்றிலைத் தட்டில் நானூறு ரூபாயும் ஒரு தேங்காயும் வைத்துக் கொடுத்தார். மலரில் என் பெயர் வேண்டாம் என்றேன்.

இருபது வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது உள்ளே நுழைந்தேன். ஒரு பாட்டி பேத்தியிடம் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் தம்பி அவள் வாயில் அண்ணன் ஆகியிருந்தான். ஆடு, மாடு ஆகியிருந்தது. “அவன் வந்தானா ஆச்சி?” என்று குழந்தை கேட்டது. நான் எழுதியதில் அதற்குப் பதில் இல்லை. ஆச்சி சொன்னாள்: “வராமலா? வருஷா வருஷம் கொடைக்கு வாறான்லா.” சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பூசாரி நீட்டிய குங்குமத்தை அன்று நானும் வாங்கிக்கொண்டேன். உண்டா இல்லையா என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இதைத் தவிர வேறு சாட்சி இல்லை.

கே: எழுதிச் சம்பாதித்து வாங்கிய பொருள் ஏதாவது வீட்டில் இருக்கிறதா?
– வாசகி, கரூர்

ப: கிரைண்டர் இருக்கிறது. ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு வந்த பணத்தில் வாங்கியது. அந்தக் கதை புத்தகமாகி, பதிப்பு தீர்ந்து, இப்போது என்னிடமே ஒரு பிரதி கிடையாது. கிரைண்டரில் இன்று காலைகூட மாவு ஆட்டினோம். கல்லை மட்டும் இரண்டு தடவை கொத்தியிருக்கிறோம்.