பூச்சி படிக்கப் போகிறீர்களா?

2008-இல் கோவைப் பக்கத்துப் பப்பாளித் தோட்டங்களில் மாவை அப்பியதுபோல் ஒரு பூச்சி படர்ந்தது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி என்று தாவியது. விவசாயிகள் மருந்தடித்துச் சலித்தார்கள். அதன் உடம்பை மூடியிருந்த மெழுகைத் தாண்டி மருந்து இறங்கவில்லை. இது எந்த இனம் என்று பூச்சியியலாளர்கள் அடையாளம் கண்ட பிறகே வழி பிறந்தது. அதன் பூர்விகம் மெக்சிகோவை ஒட்டிய பகுதி. அங்கே அதை அடக்கி வைக்கும் சிறு குளவிகள் இங்கே கிடையாது. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்து, பெங்களூரில் சோதித்துப் பெருக்கி, தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது. அதில் பெரும்பங்கு, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவிக்கு.

பூச்சியியலாளர் பார்க்கும் வேலை இதுதான். இன்றும் தாக்குதல் கண்ட பப்பாளி இலையைத் திருப்பி, கைலென்ஸை வைத்துப் பாருங்கள். சில மாவுப்பூச்சிகள் உப்பி, பழுப்பேறி, அசைவற்று ஒட்டிக்கிடக்கும். உடம்பில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். உள்ளே வளர்ந்த குளவி வெளியேறிய வழி அது. அப்படிப்பட்டவை நிறையத் தென்பட்டால், மருந்து அடிக்காதீர்கள், குளவி பார்த்துக்கொள்ளும் என்று விவசாயியிடம் துணிந்து சொல்லலாம். அந்தத் துணிச்சலைத் தருவதுதான் இந்தப் படிப்பு.

பாதையைப் பிளஸ் டூவிலேயே யோசிக்க வேண்டும். பலர் தடுமாறும் இடமும் இதுவே. பயிர்ப்பூச்சிகளில் ஆர்வம் என்றால் பி.எஸ்சி. வேளாண்மை சேர்ந்து, முதுகலையில் வேளாண் பூச்சியியலை எடுக்க வேண்டும். விலங்கியல் பட்டத்தோடு அந்த முதுகலைக்குள் நுழைவது பெரும்பாலும் முடியாது. வேளாண்மை படித்தவர்களுக்கு வேளாண்மைத் துறை, பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சி நிலையங்கள், துறைமுகங்களில் செடி, விதைகளைச் சோதிக்கும் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையங்கள், உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனங்கள் என்று இடங்கள் உண்டு.

விலங்கியல் படிப்பவர்கள் மனம் தளர வேண்டாம். டெங்கு, மலேரியா, யானைக்கால் நோய் மூன்றையும் பரப்புவது கொசு. புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. நடத்துகிறது. இதைப் படித்தவர்களுக்குச் சுகாதாரத் துறையிலும் ஆய்வு மையங்களிலும் தேவை இருக்கிறது. வேலை அலுவலகத்துக்குள் முடிவதில்லை: தொட்டி, டயர், பூந்தொட்டித் தட்டு என்று வீடு வீடாகப் புழு தேட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த மூன்றாவது பாதை, இனங்களைப் பிரித்தறியும் வகைப்பாட்டியல். சம்பளம் வேகமாக உயரும் துறை என்று சொல்லமாட்டேன். ஆனால் மற்ற எல்லாரும் வகைப்பாட்டியலாளர்களைத்தான் நம்பியிருக்கிறார்கள். சென்னை லயோலா கல்லூரியில் பணியாற்றிய டி.என். அனந்தகிருஷ்ணன் வெறும் இலைப்பேன்களை ஆராய்ந்தே உலகறிந்த அறிஞரானார். இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்கும் இயக்குநரானார். இலைப்பேன் கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சி!

பள்ளியில் இருக்கும்போதே என்ன செய்யலாம்? பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றும் நோட்டு ஒன்றும் வாங்குங்கள். தேங்கிய தண்ணீரில் கொசுப்புழுவைக் கவனியுங்கள். நீர்மட்டத்தோடு படுக்கைவாட்டில் மிதந்தால் அனாஃபிலிஸ், மலேரியா வகை. தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸோ கியூலெக்ஸோ. பார்த்து முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இரவில் வெள்ளை வேட்டியைத் திரைபோல் கட்டி விளக்கைப் போட்டால் அந்துப்பூச்சிகள் வந்து உட்காரும். தேதி, இடம், நேரம் எழுதி, படம் வரையுங்கள். புகைப்படம் மட்டும் போதாது, வரையும்போதுதான் உணர்கொம்பின் வடிவம் மனத்தில் பதியும். புள்ளியியலைப் புறக்கணிக்காதீர்கள், எண்ணத் தெரியாத பூச்சியியலாளரால் மருந்து எப்போது தேவை என்று சொல்ல முடியாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அங்குள்ள பூச்சியியல் துறையினரோடு அரை மணி நேரம் பேசவும் வாய்ப்பு வாங்கிக் கொடுங்கள்.